யார் கை வைப்பது?

ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரத்தத்தைப் பார்த்துப் பயமில்லை என்பதுதான் கொஞ்ச காலமாக என்னை உறுத்துகிறது. ஆனி, ஆடி மழையில் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை முடிந்து ஜீப்புக்காக வந்து நிற்கும் பெண்களின் கால்களைப் பார்த்தால் தெரியும். கணுக்காலுக்கு மேலிருந்து நீர்த்துப்போன ரத்தம் கோடு கோடாக இறங்கியிருக்கும். அட்டை கடித்த இடம். அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது; வயிறு நிறைந்து அட்டை தானாக உதிர்ந்த பிறகும் கடிவாய் வெகுநேரம் கசிந்துகொண்டிருக்கும். மூக்குப்பொடியோ சுண்ணாம்போ உப்போ தடவிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். மழை அதையும் கழுவிவிடும். சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையின் நுனியால் ஒரு துடைப்பு, பிறகு ஜீப்பில் இடம் பிடிக்கும் தள்ளுமுள்ளு. குனிந்து பார்க்கக்கூட யாருக்கும் தோன்றுவதில்லை. அதே தோட்டத்தில் வாக்கத்தி நழுவித் தொடையில் இறங்கும்போதும் முதலில் வாயில் வருவது இந்தப் பழக்கத்தின் பேச்சுதான்: “ஒண்ணுமில்ல, லேசா கீறிருச்சு.” கீழே பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இலைச்சருகு மக்கிய கறுப்பு மண் அத்தனையையும் குடித்துவிடும். சிமெண்டுத் தரையில் அரை லிட்டர் கொட்டினால் தெருவே கூடும்; ஏலத்தூரின் அடியில் ஒரு லிட்டர் போனாலும் மண் சற்றுப் பளபளப்பதோடு சரி. மழை வலுத்தால் நேர்மாறு. ஒரு கரண்டி ரத்தம் ஓடையாகப் பெருகி, பார்க்கிறவரைப் பதறவைக்கும். கண்ணை நம்ப முடியாத இடம். அங்கே எதை வைத்து ஆபத்தை அளப்பது என்று எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அளவு ஒன்றும் சிக்கலானதில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஓடுவது நாலு லிட்டருக்குச் சற்றே கூடுதலான ரத்தம். மூன்றில் ஒரு பங்கு போனால் பேச்சு குழறும், தோல் சில்லிடும், நாடி விரலுக்குப் பிடிபடாமல் ஓடும். பாதியை நெருங்கினால் மீள்வது அரிது. தொடையின் பெருந்தமனி முழுதாக அறுபட்டால் இத்தனையும் சில நிமிடங்களில் முடிந்துபோகும். இப்போது அந்த நிமிடங்களைச் சாலையின் மேல் வைத்துப் பார்ப்போம். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் போடி, அங்கிருந்து தேனி, தேனியையும் தாண்டி க. விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கே திரும்பினால் மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி நூறு கிலோமீட்டருக்கும் அதிகம், அதுவும் மலைச்சாலை. பாலக்காட்டுப் பக்கம் அட்டப்பாடியில் கோட்டத்தறை அரசு பழங்குடியினர் மருத்துவமனையோடு காரியம் முடியவில்லை என்றால், ஒன்று மலையிறங்கி மண்ணார்க்காடு வழியாகப் போக வேண்டும், அல்லது ஆனைகட்டி தாண்டிக் கோயம்புத்தூருக்கு வர வேண்டும். பறம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம்தான்; ஆனால் அங்கே சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடையையும் டாப்சிலிப்பையும் கடந்துதான் போக வேண்டும். காயம்பட்ட நிமிடத்துக்கும் மருத்துவர் கையுறை மாட்டும் நிமிடத்துக்கும் நடுவே இந்த மலைகளில் ஒரு மணி நேரமோ, இரண்டு மணி நேரமோ கிடக்கிறது. அந்த நேரத்தின் பொறுப்பு எந்த அரசாங்கத்தின் கோப்பிலும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவர் யாரோ, அவர் கையில் இருக்கிறது.

எல்லை என்பதால் இன்னும் சில கோணல்கள். கணவாய் உச்சியில் 108ஐ அழைத்தால் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அந்த மாநிலத்துக்காரர் பேசுவார். இந்தப் பக்கம் 2008லிருந்தும் அந்தப் பக்கம் ‘கனிவ்’ என்ற பெயரில் 2019லிருந்தும் வண்டிகள் ஓடுகின்றன. இரண்டு பக்கத்து ஓட்டுநர்களும் உயிரைக் கொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனாலும் எந்த வளைவில், யாருடைய வளைவில் என்று விளக்கி முடிப்பதற்குள் சில நிமிடம் போய்விடும். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபடும் எவருக்கும், எந்த ஊர்க்காரராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம். நாலு வளைவு மேலே தள்ளிக் கவிழ்ந்த ஜீப்புக்குக் கணக்கு வேறு. 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிக்காரர்களின் வண்டி குமுளி மலைச்சாலையில், முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களின் மேல் விழுந்தது. எட்டுப் பேர் செத்தார்கள். அந்த இடத்தைப் பகலில் எட்டிப் பார்த்திருக்கிறேன். கீழே இறங்குவதற்கே கயிறு வேண்டும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் அந்தச் சரிவின் விளிம்பில் நிற்கத்தான் முடியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. வெளியுலகுக்குச் சேதி எட்ட மறுநாள் காலையாயிற்று. 70 பேர் இறந்த அந்த இரவில் முதலில் மண்ணைக் கையால் தோண்டியவர்கள் பக்கத்து லயத்துக்காரர்கள். அந்தப் பெட்டிமுடியைத் தாண்டிப் போனால் வரும் இடமலக்குடியில் முதுவர் பழங்குடியினர், கம்பில் போர்வையைக் கட்டி நோயாளியைக் கிடத்திக் காட்டுப் பாதையில் மைல் கணக்கில் சுமந்து வந்த காட்சிகளை நாம் செய்தியில் பார்த்துச் சலித்தேவிட்டோம். தூக்குகிறவர்களைப் பற்றி எழுதுகிறோம். தூக்குவதற்கு முன் காயத்தில் யார் கை வைத்தார்கள் என்று கேட்பதில்லை.

கை வைப்பது எப்படி என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோர். காய் உலர்த்தும் அறையிலிருந்து வெக்கையும் ஏலவாசமும் கலந்து வந்துகொண்டிருந்தன. போடியிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். கிழிந்த மெத்தையிலிருந்து வெட்டிய தடித்த பஞ்சுத் துண்டு. அதன் நடுவில் ஆழமாக ஒரு பிளவு. பிளவின் அடியில் ட்ரிப் ஏற்றும் குழாய். குழாயின் மறுமுனையில் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர் பாட்டில். பாட்டிலை அவர் அமுக்க அமுக்கப் பஞ்சின் பிளவிலிருந்து சிவப்பு நீர் துடித்துத் துடித்து வெளியே வந்தது. கங்காணிதான் முதல் ஆள். தோளில் கிடந்த துண்டை மடித்து மேலே வைத்து அழுத்தினார். துண்டின் அடியிலிருந்து சிவப்பு வழிந்து பாய் நனைந்தது. இன்னும் பலமாக அழுத்தினார். இன்னும் வழிந்தது. நர்ஸம்மா சொன்னார்: “வரப்புல நண்டு வளை போட்டா மேல மண்ண அப்புனா நிக்குமா? உள்ள விட்டுல்ல அடைப்பீங்க.” துண்டின் முனையை விரலால் பிளவுக்குள்ளே, தண்ணீர் வருகிற திசையைத் தேடி, நுழைக்கச் சொன்னார். நுழைத்து, அதன்மேல் இன்னும் கொஞ்சம் துணி, இன்னும் கொஞ்சம், குழி நிரம்பும்வரை. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் எடையெல்லாம் இறங்கும்படி. கங்காணியின் விரல் பிளவின் வாயில் தயங்கி நின்றது. பஞ்சுதான். பீட்ரூட் தண்ணீர்தான். அப்படியும் நின்றது. “புண்ணுக்குள்ளயா?” என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்போது சிரிக்கவில்லை.

அடுத்து வந்த பெண் ஒரே மூச்சில் துணியைத் திணித்துவிட்டுக் கையை ஊன்றினாள். இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்கத் தொடங்கியது. நின்றிருச்சா என்று பார்ப்பதற்காகக் கையைத் தூக்கப் போனவளைப் பின்னால் இருந்தவள் அதட்டினாள்: “கைய எடுக்காத மதினி!” பார்ப்பதற்காகத் தூக்குவதுதான் பெரிய கேடு. அறுபட்ட குழாயின் வாயில் ரத்தத்தட்டுகள் ஒட்டி, அவற்றின்மேல் நார் நாராக ஒரு வலை படர்ந்து, அது இறுகிக் கட்டியாக நிமிடங்கள் பிடிக்கும். அதற்கு முன் துணியை உயர்த்தினால் கட்டிய வலை கையோடு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. துணி நனைந்தால் நனைந்ததை எடுக்காமல் மேலே இன்னொன்று வைக்கலாம். எவ்வளவு நேரம் என்று அந்தப் பெண் கேட்டாள். ஆஸ்பத்திரி வருகிறவரைக்கும் என்றார் நர்ஸ். ஜீப் ஓட்டுநருக்கு வேறு கவலை. வண்டியில் தானும் அடிபட்டவனும் மட்டும் என்றால் அமுக்குவது யார்? அதற்குத்தான் கட்டு என்றார் அவர். இரண்டு விரல் அகலத்துக்குக் குறையாத துணி, காயத்துக்கு மேலே, உடம்பை நோக்கிய பக்கத்தில், நாலு விரல் தள்ளி, மூட்டின்மேல் கூடாது, ஒரு முடிச்சு, முடிச்சின்மேல் ஒரு குச்சி, குச்சியின்மேல் இன்னொரு முடிச்சு, ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகி, திருகிய குச்சி சுழன்றுவிடாமல் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு தளர்த்தக் கூடாது. ஓட்டுநரின் கெண்டைக்காலில் கட்டிக் காட்டினார். அவர் கத்திய கத்தலில் உலர்த்தும் அறையிலிருந்த ஆள் வெளியே ஓடி வந்துவிட்டார். சரியாகக் கட்டினால் அப்படித்தான் வலிக்குமாம். வலிக்காத கட்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம்.

கட்டு இந்த மலையில் யாருக்கும் புதிதில்லை. எனக்குக் குழப்பம் தொடங்குவதே இங்குதான். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறோ கொடியோ துண்டின் கிழிசலோ கொண்டு இறுக்கிக் கட்டுவது தலைமுறைகளாகக் கைக்குப் பழகிய காரியம். குழந்தைகூடச் செய்யும். பாம்புக்கடிக்கு அந்தக் கட்டு கூடாது என்று இந்திய அரசின் சிகிச்சை வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கட்டினால் தசை அழுகும், கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக உள்ளே பாயும். ஏலத்தூர்களில் சுருண்டு கிடக்கும் மலைக்குழிவிரியன்களில் கூன்மூக்கு விரியன் என்ற சிறிய இனத்துக்கு, நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து வேலை செய்வதும் இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் அந்த மருந்து. ஆக, கட்டக் கூடாத இடத்தில் இந்தக் கை கட்டுகிறது. கட்ட வேண்டிய இடத்தில் காப்பித்தூளைத் தேடுகிறது. காப்பித்தூள், மஞ்சள், வெட்டுக்காயப் பூண்டு, மலையாளிகள் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் செடியின் சாறு. சின்ன வெட்டுக்கு இவற்றில் சில நிஜமாகவே உதவும்; அதை மறுக்க நான் ஆளில்லை. அடித்து வருகிற தமனியின்முன் ஒரு கைப்பிடி காப்பித்தூள் என்ன செய்யும்? அந்தத் தூளைக் கொண்டுவர லயத்துக்கு ஓடிய நேரம்தான் நஷ்டம். ஒரே முடிச்சு, ஓரிடத்தில் காலைத் தின்னும், இன்னோரிடத்தில் உயிரைக் காக்கும். எது எது என்று பிரித்துச் சொல்லாமல் “கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தோம்” என்று சொல்லிக்கொள்வதில் ஆபத்து உண்டு. பயிற்சி கொடுக்கிற சிலர் இந்த ஒரு சங்கடத்துக்காகவே கட்டை விட்டுவிட்டு அமுக்குவதை மட்டும் சொல்லித்தருகிறார்கள். அவர்களையும் குறைசொல்ல முடியவில்லை.

டாக்டர்களே இதில் பல முறை மனம் மாறியவர்கள். பாரிஸின் ழான் லூயி பெத்தி 1718இல் திருகாணி வைத்த கட்டுக்கருவியைச் செய்து காட்டியபோது அது பெரிய கண்டுபிடிப்பு. கீல் நகரத்து அறுவை மருத்துவர் எஸ்மார்க், போர்க்களத்தில் கற்றதை 1882இல் சாதாரணக் குடிமக்களுக்கு வகுப்பு நடத்திச் சொல்லிக்கொடுத்தார். நம் பள்ளிக்கூடங்களில் சாரணர்கள் கற்கிற முதலுதவிக்கு அவரும் ஒரு பாட்டன். அதன்பிறகு நடந்த போர்களில் மணிக்கணக்கில் அவிழ்க்காமல் விட்ட கட்டுகளால் கால்கள் போயின. கட்டு கெட்ட பெயர் வாங்கியது. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும், அதுவும் கால் மணிக்கு ஒருமுறை தளர்த்தி என்று முதலுதவிப் புத்தகங்கள் எழுதின. தளர்த்துகிற ஒவ்வொரு முறையும் ரத்தம் போகும் என்பது யோசித்தாலே தெரிகிற விஷயம். யோசிக்க ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் கொண்டுபோக முடிந்தால் இரண்டு மணி நேரம்வரை கட்டு பெரும்பாலும் காலைக் கெடுப்பதில்லை, உயிரைக் காக்கிறது என்று அங்கேதான் தெளிந்தது. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுட்டுக் கொன்ற பிறகு, லென்வொர்த் ஜேக்கப்ஸ் என்ற அறுவை மருத்துவர் முன்னின்று பொதுமக்களுக்கு இதைக் கற்பிக்க வேண்டும் என்று வாதாடினார். 2015 அக்டோபரில் அது தேசிய இயக்கமாயிற்று. அவர்களுக்குத் துப்பாக்கி வந்து கற்றுக்கொடுத்தது. நமக்கு வாக்கத்தியும், மரம் அறுக்கும் மெஷினும், ஆளுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப்பும் எத்தனையோ வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கங்காணியின் விரல் தயங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அடுத்தவர் ரத்தத்தில் கை வைப்பது என்பது நம்மிடம் சாதாரணக் காரியமா? நம் மரபில் ரத்தம் நிறுத்தத் தெரிந்த ஒரே அடியவர் கண்ணப்பர். சேக்கிழார் சொல்லும் வரிசையை ஒரு முதலுதவிக்காரரின் கண்ணோடு படித்தால் திகைப்பாக இருக்கிறது. இறைவன் கண்ணிலிருந்து ரத்தம் வழிகிறது. முதலில் துடைக்கிறார், நிற்கவில்லை. பதறுகிறார். காட்டுக்குள் ஓடிப் பச்சிலைகளைக் கொண்டுவந்து பிழிகிறார், நிற்கவில்லை. அதன்பிறகே சதைக்குச் சதை என்று நினைவு வந்து, தன் கண்ணைத் தோண்டி அந்தக் குழியில் அப்புகிறார். நிற்கிறது. துடைத்தல், பச்சிலை, கடைசியில் குழியை நிரப்புதல். இன்றைக்கும் ஏலக்காட்டில் இதே வரிசைதான். மூன்றாவதற்கு வந்துசேரும்போது நேரம் முடிந்திருக்கும். இந்தக் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். ஆசாரம் தவறாத சிவகோசரியார், மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். எச்சில், இறைச்சி, தீட்டு என்று நாளெல்லாம் வருந்தியவர். கை வைத்தவன் வேடன். இதைத் திருத்தொண்டின் பெருமையாகப் படித்து வளர்ந்தோம். சாலையோரத்தில் ஒருவர் துடித்துக்கொண்டிருக்க, சுற்றி நின்று பார்க்கும் கூட்டத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த மறைவிடம்தான் நினைவுக்கு வருகிறது.

தோட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஜீப்பில் ஒட்டி உட்கார்ந்து வருகிறவர்கள் ஊரில் வேறு வேறு தெருக்காரர்கள். தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் வெட்டுப்பட்ட ஒரு பெண்ணின் சேலையை விலக்கி, அரையில் இரண்டு கையையும் ஊன்றி, முக்கால் மணி நேரம் அப்படியே இருக்க வேண்டிய ஆண், அவள் கணவனும் இல்லை, அண்ணனும் இல்லை, சாதிக்காரனும் இல்லை. அவனை அமுக்கச் சொல்வது எளிது. மறுநாள் ஊர் பேசுவதை யார் தாங்குவது? பயிற்சியில் பஞ்சுத் துண்டுக்குத் தெரு கிடையாது. அதனால்தான் அந்த நர்ஸம்மா பெண்களை இரண்டு இரண்டு பேராக முன்னால் அழைத்து அவர்களையே முதலில் பழக்கினார் என்று பின்னால் புரிந்தது; ஏலக்காட்டில் காய் பறிப்பதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தாம், பக்கத்தில் நிற்கிறவளும் பெண்ணாகத்தான் இருப்பாள். போலீஸ் பயம் வேறொரு பக்கம். உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30இல், உதவுகிறவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் நிறுத்திவைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது; 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவும் அந்தப் பாதுகாப்பு நுழைந்தது. இதை அறிந்த ஜீப் ஓட்டுநரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சட்டையில் ரத்தக்கறையோடு சோதனைச்சாவடியில் நிற்பது எப்படி இருக்கும் என்பது மட்டும் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் தாண்டி எனக்குள் தீராத ஒரு சந்தேகம் உண்டு. கூலிக்காரர்களுக்கு ரத்தம் நிறுத்தக் கற்றுக்கொடுப்பது, ஆஸ்பத்திரி கட்ட வேண்டியவர்களுக்குச் சாக்காகிவிடாதா? 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக எழுதிவைத்தது. 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம் பொருந்தியது ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களுக்கு. ஏலக்காட்டில் ஏராளமானவை சிறு பட்டாக்கள். தேனிப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பேறி வந்து அந்தியில் திரும்பும் தினக்கூலிக்குச் சட்டம் எட்டுவதே இல்லை. அவளுக்கு டிஸ்பென்சரி கிடையாது, கம்பவுண்டர் கிடையாது. இனிமேல் அவளே கம்பவுண்டர் என்று ஒரு பிற்பகலில் சான்றிதழ் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்ததா? கேட்கத்தான் வேண்டும். இந்தக் கேள்விக்குக் கேரளத்துக்குள்ளேயே ஒரு பதில் கிடக்கிறது. பிரசவத்தில் தாய்மார் சாவதற்கு முதன்மையான காரணம் ரத்தப்போக்கு. கேரள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004லிருந்து ஒவ்வொரு தாயின் சாவையும் பெயரை மறைத்து, யாரையும் தண்டிக்காமல், எந்த நிமிடத்தில் என்ன தவறியது என்று உட்கார்ந்து ஆராய்கிறது. திருச்சூரின் டாக்டர் வி. பி. பைலி, கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாயையே வயிற்றைத் திறக்காமல் பிடித்து நிறுத்தும் இடுக்கியைச் செய்தார். நர்ஸுகளும் டாக்டர்களும் ரத்தப்போக்கு நேர்ந்ததுபோல் நடித்துப் பழகினார்கள். 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 19 தாய் சாவு என்று அந்த மாநிலம் நாட்டிலேயே கீழே நின்றதில் இதற்கும் ஒரு பங்கு இருந்தது. கையைப் பழக்கியதால் ஆஸ்பத்திரி தேவையில்லாமல் போகவில்லை. எந்த நிமிடம் வீணாகிறது என்று தெரிந்துபோனதால் ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டிவந்தது. காட்டில் அமுக்கிப் பிடித்தவளும் அப்படிக் கேட்பாள் என்று நம்புகிறேன்: நான் இவ்வளவு நேரம் பிடித்திருந்தேன், நீங்கள் ஏன் ரத்தம் வைத்திருக்கவில்லை?

அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்வதும் பொய். சின்னக்கானல் பக்கம் யானை மிதித்தவருக்கும், பள்ளத்தில் உருண்ட ஜீப்பின் அடியில் நசுங்கியவருக்கும் ரத்தம் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போகிறது. அங்கே எந்தக் கையும் எட்டாது. அவர்களை அசையாமல் கிடத்திப் போர்த்தி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்குவது ஒன்றே வழி. போர்த்துவது மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன். ரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையும் சக்தியே குறைந்துவிடும். மார்கழியில் உறைபனி விழும் மூணாற்றிலும், நனைந்த சேலையோடு கிடக்கும் ஆடி மழையிலும் ஒரு கம்பளி மருந்துக்குச் சமம். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான ஊசிமருந்து உயிர் காக்கிறது என்று 40 நாடுகளில் இருபதாயிரத்துச் சொச்சம் பேரிடம் நடத்திய சோதனை 2010இல் காட்டியது. அதுவும் மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றினால்தான். எல்லாக் கணக்கும் கடைசியில் நேரத்தில்தான் வந்து நிற்கிறது. எவ்வளவோ அமுக்கியும் போய்விட்ட உயிர்கள் உண்டு. கை வைத்தவர் அதன்பிறகு பல நாள் சோறு பிசையக் கூசியதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பயிற்சி கொடுப்பவர்கள் இதையும் ஒரு வார்த்தை முன்னதாகச் சொல்லிவைக்கலாம்.

தென்மேற்கு மழைக்கு முன்னால் ஏலத்தோட்டங்களில் நிழல்மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார்கள். மரத்தின் மேலே வாக்கத்தி, கீழே ஆட்கள்; வெட்டுக்காயம் எளிதில் படும் காலம் அது. அதற்கு முன்பாகத் தோட்டக்காரர்களும், தொழிற்சங்கங்களும், போடியிலும் கம்பத்திலும் கூடலூரிலும் ஜீப் வைத்திருப்பவர்களும் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்க வேண்டும். நர்ஸுகள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். மெத்தைப் பஞ்சுக்கும் பீட்ரூட்டுக்கும் பெரிய செலவு கிடையாது. ஒவ்வொரு ஜீப்பிலும் சீட்டுக்கடியில் அகலமான பருத்தித் துணி, உறுதியான குச்சி, ஒரு பேனா, ஒரு கம்பளி இருக்கட்டும். பெண்களைத் தனியாகவும் பழக்குங்கள். பாம்புக்கடிக்கு இந்தக் கட்டு கூடாது என்பதை முதலிலும் முடிவிலும் சொல்லுங்கள். அந்த அரைநாள் கூலியை மட்டும் பிடித்துவிடாதீர்கள். பிடித்தால் யாரும் வர மாட்டார்கள்.